எட்டுப் பேனாவும் எட்டு வயரும்

"ஆன்ட்டி, நாளைக்குக் காலையில தலைக்கு எண்ணெய் வைக்காம இருக்கணும். ஷாம்பு போட்டுக் குளிச்சிட்டு நல்லாக் காய வச்சிடுங்க."

மாடி அறையில் குடியிருக்கும் கல்லூரிப் பெண் இதைச் சொன்னபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 1982 முதல் 2018 வரை, முப்பத்தாறு வருடம், நாள் தவறாமல் நான் பிறருக்குச் சொன்ன வாக்கியம் அது. சென்னையில் ஒரு மருத்துவமனையில், மூளை மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. அறையில் டெக்னீஷியனாக இருந்தேன். ஊரிலிருந்து வருகிறவர்கள், பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று, தலை நிறைய எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னி, மல்லிகைச் சரத்தோடு வந்து நிற்பார்கள். எண்ணெய் இருந்தால் எலக்ட்ரோடு தோலைப் பிடிக்காது. பூவை எடுத்து ஒரு காகிதத்தில் மடித்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, பின்னலை அவிழ்த்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் வகிடு வகிடாகத் துடைப்பேன். அந்த வாசனை, ஸ்பிரிட்டும் தேங்காயெண்ணெயும் மல்லிகையும் கலந்தது, இன்னும் எனக்குள் இருக்கிறது.

இவள் பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் கடைசி வருடம். கவனிக்கும்போது மூளையில் எழும் மின்னலைகளை வைத்து ஒரு ப்ராஜெக்ட் செய்கிறாள். வயதானவர் ஒருவரின் பதிவு தேவைப்பட்டது. வீட்டுக்கார ஆன்ட்டி ஒரு காலத்தில் இதே வேலையைச் செய்தவள் என்பது அவளுக்கு அதன் பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் பொத்தேரியில் மனை வாங்கியது 1994-இல். கூடுவாஞ்சேரி தாண்டினால் ஊரே முடிந்துவிட்டது என்று உறவுக்காரர்கள் வருத்தப்பட்ட காலம். 1985-இல் தொடங்கிய எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி பக்கத்தில் இருந்தது. அதைச் சுற்றி வயலும் பொட்டலும். ராத்திரியில் ஏரிப் பக்கமிருந்து தவளைச் சத்தம், ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி, நடுவே மீட்டர் கேஜ் ரயிலின் ஊதல். அவ்வளவுதான். இன்று அந்தக் கல்லூரி பல்கலைக்கழகமாகிவிட்டது, அடுக்குமாடிகள் வானத்தை மறைக்கின்றன, தெருவுக்குத் தெரு மெஸ், ஜெராக்ஸ் கடை, பெண்கள் விடுதி. சாயங்காலம் பொத்தேரி ஸ்டேஷனில் இறங்கும் கூட்டத்தில் எனக்கு ஒரு முகமும் தெரியாது. என் வீட்டு மாடியும் அப்படித்தான் வாடகை அறையானது.

மறுநாள் அவள் மேசைமேல் வைத்திருந்த கருவியைப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பச்சைப் பலகை. அதிலிருந்து எட்டு வயர், எட்டு சேனல். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் மிஷினிலும் எட்டுதான். எட்டுப் பேனா.

அந்த மிஷின் ஒரு பீரோ உயரத்துக்கு இருக்கும். பேனா ஒவ்வொன்றுக்கும் மை நிரப்ப வேண்டும், அடைத்துக்கொண்டால் மெல்லிய கம்பியால் குத்தி எடுக்க வேண்டும். காகிதம் நொடிக்கு 30 மில்லிமீட்டர் ஓடும். இருபது நிமிடப் பதிவு என்றால் 36 மீட்டர் காகிதம், ஆறு புடவை நீளத்துக்கு மேல். மடிப்பு மடிப்பாக விழும் அதை அடுக்கிக் கட்டி டாக்டர் மேசையில் வைப்போம். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்ப்பார். விரல் நுனியெல்லாம் நீல மை. வீட்டுக்குப் போய்ச் சாதம் பிசையும்போதும் போகாது.

உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரே பயம்தான். "கரண்ட் வைப்பீங்களாம்மா?" ஷாக் சிகிச்சையோடு இதைக் குழப்பிக்கொள்வார்கள். "நாங்க ஒண்ணும் வைக்க மாட்டோம். உங்க தலையில இருக்கற கரண்ட்டை எழுதி எடுக்கறோம், அவ்வளவுதான்" என்பேன். தலையில் கரண்ட் இருக்கிறது என்பதை நம்பாமல் பார்ப்பார்கள். இருக்கிறது, மிகக் கொஞ்சம். தலைத்தோலில் கிடைப்பது சுமார் 50 மைக்ரோவோல்ட். டார்ச் லைட்டில் போடும் ஒரு பேட்டரியின் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. பல்லைக் கடித்தாலே பேனா எட்டும் தாறுமாறாகத் துள்ளிவிடும்.

கவனம் என்ற சொல்லோடு எங்கள் அறைக்கு வந்தவர்கள் அன்று பெரும்பாலும் குழந்தைகள். எட்டு வயது, ஒன்பது வயது. "கிளாஸ்ல கவனிக்கவே மாட்டேங்கறா, கூப்பிட்டா முழிச்சிக்கிட்டு நிக்கறா" என்று டீச்சர் அடித்திருப்பார், அம்மாவும் அடித்திருப்பாள். அந்தக் குழந்தையின் கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, மூன்று நிமிடம் விடாமல் ஊதிச் சுழற்றச் சொல்வேன். வேகமாக மூச்சு வாங்கும்போது, சில குழந்தைகளுக்கு எட்டுப் பேனாவும் ஒரே நேரத்தில் எழுந்து, நொடிக்கு மூன்று முறை, கூர்முனையும் குன்றுமாக வரையத் தொடங்கும். காற்றாடி நின்றுவிடும். கண் திறந்தபடி இருக்கும். அந்தச் சில நொடிக்குள் நான் மெதுவாக "மாம்பழம்" என்பேன். அலை அடங்கியதும், "இப்ப நான் என்ன சொன்னேன் கண்ணு?" என்று கேட்பேன். தெரியாது. சொன்னதே தெரியாது.

அது ஒரு வகை வலிப்பு. உடம்பு வெட்டாத வலிப்பு. அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான், தாங்கள் இத்தனை நாள் எதற்காக அடித்தோம் என்று தாய்மார்களுக்குப் புரியும். அவர்கள் அழுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நொடிக்கு மூன்று அலை என்ற அந்த அடையாளத்தை 1935-இல் அமெரிக்காவில் கிப்ஸும் டேவிஸும் லெனாக்ஸும் கண்டு எழுதினார்கள். அவர்கள் பெயர் தெரியாத எத்தனை தமிழ்க் குழந்தைகள் அடியிலிருந்து தப்பின என்று நினைத்துப் பார்ப்பேன்.

கவனத்துக்கும் மின்னலைக்கும் உள்ள உறவு அதற்கும் முன்பே வெளிப்பட்டுவிட்டது. ஜெர்மனியில் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் முதன்முதலாக மனிதத் தலையிலிருந்து மின்னலையைப் பதிவு செய்தார். ஐந்து வருடம் யாருக்கும் சொல்லாமல் திரும்பத் திரும்பச் சோதித்து 1929-இல்தான் வெளியிட்டார். கண்ணை மூடிச் சும்மா இருப்பவரின் பின்மண்டையில் நொடிக்குப் பத்து என்ற கணக்கில் சீரான அலை வரும். அவர் ஆல்ஃபா என்று பெயரிட்டார். கண்ணைத் திறந்தால் அது மறையும். கண்ணை மூடியபடியே மனக்கணக்குப் போடச் சொன்னாலும் குறையும். எங்கள் அறையில் தினமும் பத்து முறை நான் செய்தது அதையேதான்: "கண்ணைத் திறங்க... மூடுங்க... நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிங்க."

நம் ஊரில் இந்தத் துறை வேர்விட்ட கதையில் இ.இ.ஜி.க்கு ஆரம்பத்திலேயே இடம் உண்டு. 1951-இல் இந்திய நரம்பியல் கழகத்தைத் தொடங்கியவர்கள் நால்வர். வேலூரில் நரம்பு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, சென்னைப் பொது மருத்துவமனையில் அதைத் தொடங்கிய பி. ராமமூர்த்தி, நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங், நான்காவதாக சென்னை எஸ்.டி. நரசிம்மன். நரசிம்மன் இ.இ.ஜி.காரர். அறுவை மருத்துவர்களோடு சமமாக ஒரு அலை படிப்பவரும் உட்கார்ந்து கழகம் தொடங்கினார் என்பது, பேனாவில் மை ஊற்றிக் காலம் கழித்த எனக்குப் பெருமை.

அதே பல்தேவ் சிங் பின்னால் டெல்லி எய்ம்ஸில் பி.கே. ஆனந்த், ஜி.எஸ். சினா இருவரோடு சேர்ந்து யோகிகளைப் பதிவு செய்தார். 1961-இல் வந்தது அந்த ஆய்வு. தியானத்தில் இல்லாதபோது வெளிச்சம் பாய்ச்சினால், சத்தம் எழுப்பினால், சூடான கண்ணாடிக் குழாயால் தொட்டால், எல்லோரையும் போல அவர்களுக்கும் ஆல்ஃபா கலைந்தது. தியானத்தில் ஆழ்ந்தபோது எதற்கும் கலையவில்லை. இருவர் 4 டிகிரிக் குளிர் நீரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கையை வைத்திருந்தார்கள். அப்போதும் அலை அப்படியே இருந்தது. சோதித்தவர்கள் மிகச் சிலரைத்தான் சோதித்தார்கள், அதனால் பெரிய முடிவுகளுக்குத் தாவக்கூடாது. ஆனாலும் எவ்வளவு எளிய, நேர்மையான சோதனை! வெளியிலிருந்து தட்டினால் உள்ளே கதவு திறக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் எட்டுப் பேனாவால் பார்க்க முடியாதது ஒன்று இருந்தது. ஒரு சத்தம் காதில் விழுந்ததும் மூளை அதற்கென்று தரும் சின்னஞ்சிறு பதில். அது சில மைக்ரோவோல்ட்தான். ஐம்பது மைக்ரோவோல்ட் பின்னணி ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பதில் அதற்குள் மூழ்கிவிடும்.

மீட்டெடுக்கும் வழியை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். தாம்பரம் ஸ்டேஷன் இரைச்சலை ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்கிறோம் என்று வையுங்கள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன்னால் ஒரு மணியோசை வரும். அந்த மணி தொடங்கும் கணத்தில் நாடாவை வெட்டி, நூறு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சராசரி எடுத்தால், சுண்டல் விற்பவரின் குரல் ஒரு துண்டில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. குழந்தை அழுகை அங்கொன்று இங்கொன்று. அவை ஒன்றையொன்று கரைத்துவிடும். மணியோசை மட்டும் நூறிலும் ஒரே இடத்தில் இருப்பதால் நிற்கும். நூறு முறை சராசரி எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒன்றாகும். லண்டனில் ஜார்ஜ் டாசன் 1947-இல் புகைப்படங்களை ஒன்றன்மேல் ஒன்று பதித்து இதைத் தொடங்கினார். 1950-களின் தொடக்கத்தில் சராசரி எடுப்பதற்கே ஒரு இயந்திரம் செய்தார். கம்ப்யூட்டர் வந்த பிறகு அது எல்லோருக்கும் எட்டும் வேலையானது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். 1965-இல் அமெரிக்காவில் சாமுவேல் சட்டனும் கூட்டாளிகளும், அடுத்து வரப்போவது சத்தமா வெளிச்சமா என்று தெரியாமல் ஆளைக் காக்க வைத்தார்கள். எது வந்தாலும், வந்து ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்கு கழித்து, ஒரு பெரிய நேர்மின் அலை எழுந்தது. அடுத்து வருவது எது என்று முன்பே தெரிந்திருந்தால் அது சிறுத்துப்போனது. 300 மில்லிநொடியில் வருவதால் பி300 என்று பெயர். இரண்டு வருடம் கழித்து அதே குழு இன்னொன்றும் காட்டியது: சத்தம் வரவேண்டிய கணத்தில் வராமல் போனால், அந்த மௌனத்துக்கும் அலை எழுந்தது. காதுக்கு ஒன்றும் வரவில்லை. எதிர்பார்த்தது வரவில்லை என்ற செய்திக்கே மூளை பதில் சொன்னது.

பொத்தேரிக்கு வந்த புதிதில் லாரிச் சத்தத்தில் தூக்கமே வரவில்லை. ஒரு மாதத்தில் லாரி எதுவும் காதில் ஏறாமல் போயிற்று. ஆனால் நடுராத்திரியில் கரண்ட் போய் ஃபேன் நின்றால் உடனே விழிப்பேன். புழுக்கம் ஏறுவதற்கு முன்பே விழித்துவிடுவேன். சட்டன் ஆய்வைப் பற்றி முதலில் கேட்டபோது எனக்கு அந்த ஃபேன்தான் நினைவுக்கு வந்தது. தூக்கத்தில் நடப்பதும் விழித்துக் காத்திருக்கையில் நடப்பதும் ஒன்றல்ல என்று தெரியும். இருந்தும் இன்றுவரை எனக்கு அந்த இரண்டும் அக்கம்பக்கத்து வீடுகள்.

1973-இல் கலிபோர்னியாவில் ஸ்டீவன் ஹில்யார்டின் குழு கவனத்தை இன்னும் நெருக்கமாகப் பிடித்தது. இரண்டு காதிலும் வேறு வேறு சுருதியில் சத்தம், ஒரு காதை மட்டும் கவனி என்று கட்டளை. அதே சத்தம், அதே காது. கவனித்தபோது நூறு மில்லிநொடி அருகே எழும் அலை பெரிதானது, கவனிக்காதபோது சிறுத்தது. கல்யாண வீட்டு நாகஸ்வரத்துக்கு நடுவே பக்கத்து நாற்காலிப் பேச்சை மட்டும் பிடிக்கிறோமே, அந்தத் தேர்வு ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் தொடங்கிவிடுகிறது.

மாடி அறைக்குத் திரும்புகிறேன். அந்தப் பெண் டேப்பை எடுத்து என் மூக்கின் மேல் பள்ளத்திலிருந்து பிடரி மேடுவரை அளந்தாள். பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று புள்ளி வைத்தாள். 1958-இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வகுத்த அளவு முறை; எங்கள் கை பழகியதும் இதில்தான். உச்சியில் ஒன்று, உச்சிக்குச் சற்றுப் பின்னால் ஒன்று. "அங்கதான் பி300 பெருசா வரும், இல்ல?" என்றேன். அவள் சிரித்தாள். எலக்ட்ரோடு வைக்கும்போது அவள் விரல் தயங்கியது. "அழுத்தி வை டா, வலிக்காது. முடியை ரெண்டு பக்கமும் ஒதுக்கிட்டு வை" என்று சொல்லிக்கொடுத்தேன். சாஃப்ட்வேர் எனக்குத் தெரியாது. தலை எனக்குத் தெரியும்.

ஹெட்ஃபோனில் தாழ்ந்த சுருதி நிறைய வரும், உயர்ந்த சுருதி அபூர்வமாக வரும், ஐந்தில் ஒன்று. உயர்ந்ததை மட்டும் மனத்துக்குள் எண்ண வேண்டும். அவ்வளவுதான் வேலை. டூ, டூ, டூ, டீ. ஒன்று. டூ, டூ, டீ. இரண்டு.

எண்ணிக்கொண்டிருக்கும்போது தாத்தா நினைவுக்கு வந்தார். எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியைக் கடக்கும்போதெல்லாம் அவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைப் பற்றிச் சொல்வார். 1874-இல் பிறந்து 1950-இல் மறைந்த அந்தப் பெரும்புலவர், 1907-இல் சென்னை விக்டோரியா ஹாலில் நூறு செயல்களை ஒரே அமர்வில் கவனத்தில் தாங்கிச் சதாவதானம் செய்து காட்டினார். அவதானத்தில் பாட்டுக்கு ஈற்றடி கொடுப்பார்கள், கணக்குக் கேட்பார்கள், குறுக்கே வம்புக்குப் பேச்சுக் கொடுப்பார்கள். இடையில் ஒருவர் நினைத்தபோது மணி அடிப்பார். இன்னொருவர் முதுகில் சிறு கல்லோ பூவோ எறிவார். கடைசியில் எத்தனை மணி, எத்தனை கல் என்று சொல்ல வேண்டும். தாத்தா அந்த முதுகுக் கல்லைத்தான் அதிசயமாகச் சொல்வார்: "கண்ணால பாக்கல, கையால தொடல, எண்ணிட்டாருடீ!"

அன்று கவனத்தை அளக்க ஒரு மண்டபம் வேண்டும், சபை வேண்டும், ஒரு மேதை வேண்டும். மணி எத்தனை என்ற விடை சரியா தவறா என்பதுதான் அளவு. இன்று பொத்தேரி மாடி அறையில், ஒரு மேதையும் இல்லாமல், என் போன்ற ஒருத்தி மணி எண்ணும்போது ஒவ்வொரு மணிக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடிகிறது. நான் நாற்பத்தொன்று எண்ணினேன். உண்மையில் நாற்பது. அவள் சராசரி எடுத்து லேப்டாப்பைத் திருப்பினாள். தாழ்ந்த சுருதிக்கு ஒரு சிறு நெளிவு. உயர்ந்ததற்கு ஒரு குன்று. முப்பத்தாறு வருடம் பிறர் தலையிலிருந்து எழுதினேன், என் தலையை அன்றுதான் பார்த்தேன்.

குன்றின் உச்சி 370 மில்லிநொடி அருகே. அவளுடையது 310. வயது ஏற ஏற இந்த அலை தாமதமாகிறது என்பது 1970-களிலிருந்தே தெரிந்த செய்தி. வருடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிநொடி. என் அறுபத்தைந்து வயதுக்கு இது சரியான இடம்தான். அவள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. தாமதமாக வந்தாலும் வந்ததே.

இவ்வளவு மென்மையான ஒன்றை மனிதர் என்னவெல்லாம் செய்யத் துணிந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பி300 அலை ஒருவருக்கு முக்கியமானதற்குத்தான் எழுகிறது என்றால், குற்றவாளியின் முன் குற்றத்தின் விவரத்தைச் சொல்லிப் பார்த்தால் அவன் மூளை காட்டிக்கொடுக்காதா என்று கேட்டார்கள். செய்தித்தாளில் 'பிரெய்ன் மேப்பிங்' என்று வந்தது அதுதான். பெங்களூரு நிம்ஹான்ஸில் பணியாற்றிய சி.ஆர். முகுந்தன் இதே வழியில் இன்னொரு முறையை உருவாக்கினார். 2008-இல் புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் ஆயுள் தண்டனை கொடுத்தபோது, அந்தச் சோதனையையும் ஆதாரங்களுள் ஒன்றாக எடுத்துக்கொண்டது. உலகம் முழுவதும் அதிர்ந்தது. 2010 மே 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில், ஒருவரின் சம்மதமில்லாமல் உண்மை மருந்து ஊசி, பொய் அறியும் கருவி, மூளை மின் சோதனை எதையும் செய்யக்கூடாது என்று தீர்ப்பளித்தது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படாத உரிமை வாயோடு நின்றுவிடுவதில்லை என்று அதற்குப் பொருள்.

அந்தத் தீர்ப்பு வந்த அன்று எங்கள் அறையில் நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். இந்த அலை "இது எனக்கு ஒரு பொருட்டு" என்று மட்டும்தான் சொல்லும். ஏன் பொருட்டு என்று சொல்லாது. கொலை நடந்த தெருவின் பெயரைக் கேட்டால், கொன்றவனுக்கும் எழலாம், அந்தத் தெருவில் அத்தை வீடு இருப்பவனுக்கும் எழலாம். தலையில் எலக்ட்ரோடு வைத்தவர்களுக்கு இது தெரியும்.

2019-இல் சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் ஒரு பள்ளியில் பிள்ளைகளின் நெற்றியில் பட்டை கட்டி, கவனம் இருந்தால் ஒரு நிற விளக்கு, இல்லாவிட்டால் இன்னொரு நிறம் என்று ஆசிரியருக்குக் காட்டினார்கள். எதிர்ப்பு எழுந்து நிறுத்தப்பட்டது. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குக் காற்றாடி ஊதிய குழந்தைகள்தான் கண்முன் வந்தார்கள். நம் ஊரிலும் நுழைவுத்தேர்வுப் பயிற்சி என்ற பெயரில் இப்படி ஒன்று நுழைந்தால், மெய்யாகவே வலிப்பு உள்ள குழந்தைக்கு மருந்துக்குப் பதில் 'கவனமில்லை' என்ற விளக்கு கிடைக்கும். நெற்றியில் ஒட்டும் ஒன்றிரண்டு எலக்ட்ரோடில் கண் சிமிட்டலும் நெற்றித் தசையும் நிறையவே பதிவாகும். புருவத்தை நெரித்தால் போதும், கவனம் ஏறியது போலக் காட்டும். கூடாது என்று உரக்கச் சொல்கிறேன்.

அப்படியானால் இந்த அலை எதற்கு நல்லது? அதற்கு இன்னொரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1990-களின் நடுவில் ஒருவரைப் படுக்கையோடு எங்கள் அறைக்குக் கொண்டுவந்தார்கள். மூளைத்தண்டில் பக்கவாதம். கை கால் அசையாது, பேச்சு இல்லை, முகமும் அசையாது. நினைவு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அனுப்பியிருந்தார்கள். எட்டுப் பேனாவும் அழகான ஆல்ஃபா எழுதின. கண்ணைத் திறந்து விட்டால் மறைந்தது, மூடி விட்டால் வந்தது. "உங்க வீட்டுக்காரர் முழிச்சிக்கிட்டுதாம்மா இருக்கார், எல்லாம் கேக்குது அவருக்கு" என்று அவர் மனைவியிடம் சொன்னேன். கண்ணை மேலே உயர்த்த மட்டும் அவரால் முடிந்தது. மேலே பார்த்தால் 'ஆமாம்'. அந்த அம்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார். தண்ணி வேணுமா? வலிக்குதா? திரும்பிப் படுக்கணுமா? பையனைப் பார்க்கணுமா? ஒரு ஸ்லேட்டில் எழுத்துகளை எழுதி ஒவ்வொன்றாகத் தொட்டும் காட்டினோம். உயிரெழுத்து தாண்டுவதற்குள் அவர் சோர்ந்து கண்ணை மூடிவிடுவார். இரண்டு நாள் அவர் முகத்தில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. கேட்ட எதற்கும் கண் உயரவில்லை. மூன்றாம் நாள் யாரோ தற்செயலாகக் கேட்டார்கள். ஃபேன். மேலே ஓடிய ஃபேன், அவருக்குக் குளிர். இரண்டு நாள் அதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டால் பதில் சொல்லுவார். அவராக ஒன்றைச் சொல்லத் தொடங்க வழியில்லை.

1988-இலேயே அமெரிக்காவில் ஃபார்வெல்லும் டோன்சினும் அதற்கு ஒரு வழி காட்டியிருந்தார்கள். எங்களுக்கு அது தெரியாது. ஆறுக்கு ஆறு கட்டத்தில் ஆங்கில எழுத்துகள். வரிசைகளும் நெடுவரிசைகளும் மாறி மாறி மின்னும். உங்கள் எழுத்து மின்னும்போது மட்டும் மனத்துக்குள் எண்ணிக்கொள்ள வேண்டும். உங்களுக்கு வேண்டியது அபூர்வமாக மின்னுவதால் அதற்கு பி300 எழும். எந்த வரிசைக்கு எழுந்தது, எந்த நெடுவரிசைக்கு எழுந்தது என்று பார்த்தால், இரண்டும் வெட்டுமிடத்தில் எழுத்து.

மாடிப் பெண் செய்துகொண்டிருந்தது தமிழ்க் கட்டம். அவள் திரையைத் திருப்பியபோது எனக்கு மெய் சிலிர்த்தது. ஆரம்பப் பள்ளிச் சுவரில் தொங்கும் உயிர்மெய் அட்டை! மேல் வரிசையில் பன்னிரண்டு உயிரும் ஆய்தமும், பதின்மூன்று. கீழே பதினெட்டு வரிசை, ஒவ்வொன்றிலும் ஒரு மெய்யும் அதன் பன்னிரண்டு உயிர்மெய்யும், பதின்மூன்று. பத்தொன்பதைப் பதின்மூன்றால் பெருக்கினால் சரியாக 247. ஒரு கட்டம் மிச்சமில்லை, ஒரு எழுத்து விடுபடவில்லை. வரிசைக்கு மெய், நெடுவரிசைக்கு உயிர் என்று நம் எழுத்து முன்பே தன்னைப் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலக் கட்டம் ஒரு சுற்றில் பன்னிரண்டு முறை மின்னினால் போதும். இதற்கு முப்பத்திரண்டு வேண்டும். பத்துச் சுற்று என்றால் ஒரு எழுத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். மெதுவாகத்தான் போகும். வேண்டிய எழுத்து இன்னும் அபூர்வமாக வருவதால் அலை இன்னும் திடமாக எழும் என்று அவள் நம்புகிறாள். கணக்கு அவள் பக்கம் இருக்கிறது.

"ஏதாவது ஒரு வார்த்தை நினைச்சிக்கோங்க ஆன்ட்டி. சொல்லாதீங்க. சின்ன வார்த்தையா இருக்கட்டும்."

நான் நினைத்துக்கொண்டேன். முதல் எழுத்துக்குக் க வரிசையில் 'கு'வை மட்டும் பார்த்து, அது மின்னும்போதெல்லாம் எண்ணினேன். ஒரு நிமிடம் கழித்துத் திரையின் மேல் 'கு' வந்தது. இரண்டாவது எழுத்துக்கு 'ழி' வந்தது. அவள் முகம் சுருங்கியது. பக்கத்து வரிசை மின்னும்போது கண் தடுமாறினால் இப்படி ஆகுமாம். அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். இந்த முறை மூச்சைச் சீராக விட்டு, தோளைத் தளர்த்தி, நோயாளிகளுக்கு நான் சொன்னதையெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு எண்ணினேன். 'ளி'. பிறகு இடதுகோடி நெடுவரிசை, புள்ளி வைத்த எழுத்துகள். 'ர்'.

அந்த மனிதரைப் பற்றி அவளிடம் நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. பங்குனி வெயில், மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரையைப் படித்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள்.